நீரிழிவும் பாதமும்: பாத சிகிச்சை நிபுணரிடம் எதைக் கேட்டுப் பெறலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நீரிழிவோடு வாழும் தமிழர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் பாதப் பராமரிப்பு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் பாதம் பார்க்கும் தாதியருக்கும் நிபுணர்களுக்கும் உரியவை. அவற்றையும் நோயாளிகள் படிக்க வேண்டும். எதைக் கேட்டு வாங்கலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

காலைப் பார்ப்பவருக்கும் என் சர்க்கரை அளவுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியே இருந்தால் காலின் நரம்புகள் உணர்ச்சி இழக்கும், இரத்தக் குழாய்கள் குறுகும், தோல் வறண்டு வெடிக்கும், ஆற வேண்டிய காயம் ஆறாது. மருத்துவருக்கு உங்கள் மூன்று மாதச் சர்க்கரையை எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை எண் சொல்கிறது. அந்த மூன்று மாதங்கள் உடலில் என்ன செய்தன என்பதைப் பாதம் காட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு முறை, அரை மணி நேரம் வீதம் நிபுணரைப் பார்த்தாலும் மொத்தம் 2 மணி நேரம்தான். ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் உங்கள் கால் உங்கள் வீட்டில், உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. அதனால் நல்ல பாத சிகிச்சை நிபுணரின் முதல் வேலை, தன் கண்ணையும் கையையும் உங்களுக்குப் பழக்கிக் கொடுப்பது. காய்ப்பைச் சீவிவிட்டு ‘அடுத்த முறை வாருங்கள்’ என்று அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

போடியாட்ரிஸ்ட் என்பவரும் பாதப் பரிசோதனை செய்யும் தாதியும் ஒருவரேயா?

இல்லை. பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் நீரிழிவுப் பாதப் பரிசோதனையைப் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தாதியரே செய்கிறார்கள். உணர்ச்சி, இரத்த ஓட்டம், வடிவம், தோல், நகம் ஆகியவற்றைப் பார்த்து உங்கள் ஆபத்து எந்த நிலையில் இருக்கிறது என்று வகைப்படுத்துவார்கள். ஆபத்து கூடுதலாக இருந்தால், அல்லது புண், தடித்த காய்ப்பு, வளைந்த விரல் போன்றவை இருந்தால், பாத சிகிச்சை நிபுணரான போடியாட்ரிஸ்ட்டிடம் அனுப்புவார்கள். காய்ப்பைச் சீவுவது, காலணிக்குள் வைக்கும் அடித்தகடு செய்வது, புண்ணின் மேல் விழும் எடையைக் குறைப்பது எல்லாம் அவர் வேலை.

அக்கம்பக்கத்துப் பொது மருத்துவரிடம் நீரிழிவுக்குப் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. 2018 முதல் பல தனியார் மருந்தகங்கள் ஆரம்பப் பராமரிப்புக் கட்டமைப்புகளில் சேர்ந்து, தாதியர் ஆலோசனை, கண் படம், பாதப் பரிசோதனை ஆகியவற்றைப் பகிர்ந்து வழங்குகின்றன. உங்கள் மருத்துவர் இதுவரை அதைப் பற்றிப் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: ‘இந்த வருஷம் என் காலை இன்னும் பார்க்கலையே, டாக்டர்?’

ஆண்டுப் பரிசோதனையில் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

வலிக்காது. சாக்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும், 15 நிமிட வேலை.

முதலில் விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று தோலைப் பார்ப்பார்கள். பிறகு பாதத்தின் மேல்புறத்திலும் உள்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். துடிப்பு சரியாகத் தெரியாவிட்டால் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். இந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் காலுக்கு இரத்தம் குறைவாகப் போகிறது என்று பொருள். ஆனால் நீரிழிவு நெடுநாள் இருப்பவர்களின் இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். அழுத்துபட்டையால் அதை நசுக்க முடியாது. அப்போது விகிதம் 1.3க்கு மேலே போய், இரத்த ஓட்டம் பிரமாதமாக இருப்பதுபோலத் தோன்றும். அப்படி ஓர் எண் வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம், பெருவிரலின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நைலான் இழைச் சோதனை. மோனோஃபிலமென்ட் என்ற இந்த இழை 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது. பெருவிரலின் அடி, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே உள்ளங்காலின் முன்மேடுகள் போன்ற இடங்களில் அதை நிமிர்த்தி வைத்து, வளையும்வரை அழுத்தி எடுப்பார்கள். தொட்டு எடுக்க 2 விநாடி ஆகும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்பார்கள், அதில் ஒரு முறை தொடாமலே ‘தெரிகிறதா?’ என்பார்கள். மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பதுண்டு.

இந்தச் சோதனை தவறாகப் போவது எங்கே?

செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. தடித்த காய்ப்பின் மேல் இழையை வைத்தால் உணர்ச்சி உள்ளவருக்கும் தெரியாது, எனவே காய்ப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். இழை தோலில் வழுக்கினால் இழுபடும் உணர்ச்சியை வைத்து நோயாளி கண்டுபிடித்துவிடுவார். ஒரே தாளகதியில் தொட்டுக்கொண்டே போனால் பழக்கத்தில் ‘ஆமாம்’ என்பார். முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, இடைவெளியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே இழையால் 10 பேரைப் பார்த்த பிறகு அதற்கு 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். தளர்ந்த இழை 10 கிராமுக்கு முன்பே வளைந்துவிடும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ‘சொல்லுப்பா, தொடுறாங்க பாரு’ என்று உதவினால் சோதனையே வீண்.

அதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

இழை இல்லாமல் விரலால் தொட்டுப் பார்க்கும் எளிய முறை ஒன்று உண்டு. படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இறகு படுவதுபோல மெதுவாக, ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொடும்போது எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டிலோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், காலைக் காக்கும் உணர்ச்சி போயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த ஆண்டுப் பரிசோதனைவரை காத்திருக்காமல் சந்திப்பு கேளுங்கள். ஆறும் தெரிந்தது என்பதற்காக ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை போக வேண்டும்?

உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்திருந்தால், அல்லது ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் 3 முதல் 6 மாதம். உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்தவருக்கு ஏற்கெனவே புண் வந்து ஆறியிருந்தால், விரல் எடுத்திருந்தால், அல்லது சிறுநீரகம் செயலிழந்திருந்தால் 1 முதல் 3 மாதம். இது அனைத்துலக வழிகாட்டி. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கும் குழு சொல்லும். ‘நான் எந்த வகை?’ என்று கேட்டு, மருந்துப் பட்டியல் வைத்திருக்கும் இடத்திலேயே எழுதி வையுங்கள். எச்பிஏ1சி எண்ணை மனப்பாடமாகச் சொல்கிற பலருக்குத் தங்கள் பாதத்தின் ஆபத்து நிலை தெரிவதில்லை.

புண் ஆறியவர்கள் ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடுகிறார்கள். ஆறிய புண் ஓராண்டுக்குள் பத்தில் நான்கு பேருக்குத் திரும்ப வருகிறது. அந்த முதல் ஆண்டில்தான் சந்திப்புகளை விடவே கூடாது.

வலியே இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு கவலை?

வலி இல்லாததுதான் கவலைக்குக் காரணம். செருப்புக்குள் சிறு கல் சிக்கினால் உணர்ச்சி உள்ளவர் நான்கு அடி வைப்பதற்குள் உதறிவிடுவார். உணர்ச்சி போனவர் அதே கல்லோடு தேக்கா மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு, பேருந்தில் வீட்டுக்கு வந்து, சாக்ஸில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் அறிவார். வலி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்ய வேண்டியிருக்கிறது.

தினமும் எப்படிப் பார்ப்பது? என்னால் குனிய முடியாதே.

இரவு படுக்கும்முன், நல்ல வெளிச்சத்தில், 2 நிமிடம். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்து, அதற்கு மேலே காலை நீட்டிப் பார்க்கலாம். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் எளிது. ஞாயிறுதோறும் இரண்டு உள்ளங்காலையும் ஒரே கோணத்தில் படமெடுத்துச் சேர்த்து வைத்தால், நிபுணரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

சர்க்கரையால் கண்பார்வையும் மங்கியிருந்தால் நீங்களே பார்ப்பதை நம்ப முடியாது. மகனோ மருமகளோ பணிப்பெண்ணோ பார்க்கட்டும். யார் பார்க்கப் போகிறாரோ அவரையே அடுத்த சந்திப்புக்கு அழைத்துப் போய், நிபுணர் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிய தோல் சேற்றுப்புண்ணின் தொடக்கம். காய்ப்புக்குள் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது உள்ளே கசிந்த இரத்தம், அடியில் புண் ஒளிந்திருக்கலாம். சம்மணமிட்டுத் தரையில் உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் வெளிக்கணுக்கால் எலும்பின் மேல் கறுத்துத் தடித்த இடத்தையும் பாருங்கள். உள்ளங்காலை மட்டும் பார்க்கப் பழகியவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுவார்கள். மெட்டி அணிந்த பெண்கள் அதைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும். கால் வீங்கி மெட்டி இறுகிவிட்டால் சோப்பு போட்டு இழுக்காதீர்கள், மருந்தகத்தில் வெட்டி எடுத்துவிடுவார்கள். பாதத்தில் மருதாணி இட்டால் தோலின் நிற மாற்றம் தெரியாது. உணர்ச்சி குறைந்தவர்கள் கையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ உள்ளவர்களுக்கு நிபுணர் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை அளந்து, வித்தியாசம் தொடர்ந்து இரண்டு நாள் 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். தோல் கிழிவதற்கு முன்பே சூடு ஏறிவிடும் என்பதால்தான் இந்த அளவு.

காய்ப்பையும் கால் ஆணியையும் நானே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பிளேடு வேண்டாம், கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியும் வேண்டாம். அதில் உள்ள சாலிசிலிக் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. உணர்ச்சி இல்லாத காலில் அது நல்ல தோலையும் அரித்து உள்ளே இறங்கும்.

அதற்காகக் காய்ப்பை அப்படியே விட்டுவிடவும் முடியாது. காய்ப்பு என்பது காலுக்கடியில் ஒட்டிய கல் போல. ஒவ்வோர் அடியிலும் உள்சதையை நசுக்கும். நிபுணர் அதைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தின் அழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறையும். சீவிய சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வந்தால், காரணம் காலணியிலோ எலும்பின் அமைப்பிலோ நடையிலோ இருக்கிறது. ‘ஏன் இந்த இடத்திலேயே வருது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர் வேலைதான்.

நகம் வெட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

குளித்த பிறகு நகம் மெத்தென்றிருக்கும்போது, நேராக, விரல் நுனி அளவுக்கு வெட்டுங்கள். மூலைகளைத் தோண்டாதீர்கள், கூர்மையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். நகச்சுற்று வருவது பெரும்பாலும் மூலையைத் தோண்டுவதால்தான். நகம் மஞ்சளாகத் தடித்து வெட்ட வராவிட்டாலோ, உங்களுக்குக் கண் தெரியாவிட்டாலோ, கை நடுங்கினாலோ நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

கழுவுவது, கிரீம், பித்த வெடிப்பு?

தண்ணீர் 37 பாகைக்கு மேல் வேண்டாம். காலால் சூடு பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். வெந்நீரில் காலை ஊறவைப்பது இதமாக இருக்கும், ஆனால் தோல் ஊறி, பிறகு முன்னைவிட வறண்டுவிடும்.

கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் இடுக்கு தானாகக் காயாது. தொழுகைக்கு முன் நாளுக்கு ஐந்து முறை உளூ செய்பவர்கள் (கை, முகம், கால் கழுவுபவர்கள்) ஒவ்வொரு முறையும் இடுக்குகளைத் துடைக்க ஒரு சிறு துண்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காலோடு சாக்ஸ் போடும் பழக்கம் மாறினால் சேற்றுப்புண்ணும் குறையும்.

கிரீம் எவ்வளவு? குழாயிலிருந்து உங்கள் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்குங்கள், அது ஓர் அளவு. ஒரு பாதத்துக்கு அப்படி இரண்டு. மேல்புறம், குதிகால், உள்ளங்கால் எங்கும் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் கூடாது. சாதாரண வறட்சிக்கு யூரியா 10 விழுக்காடு உள்ளது போதும். தடித்த குதிகாலுக்கு 25 விழுக்காடு. வெடிப்பில் இரத்தம் கசிந்தால் யூரியா எரியும், முதலில் வெடிப்பை மூட வேண்டும். தடவியதும் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வழவழப்பான தரையில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.

காலணி வாங்கும்போது?

மாலையில் போங்கள், அதற்குள் கால் சற்று வீங்கியிருக்கும். நின்றுகொண்டு அளக்க வேண்டும், இரண்டு காலையும் அளக்க வேண்டும், பெரிய காலுக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். உள்நீளம் நீண்ட விரலைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அகலம் விரல்களின் அடி மூட்டுகள் அளவுக்கும், உயரம் விரல்கள் மேலே இடிக்காத அளவுக்கும் வேண்டும். ஒரு காகிதத்தில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி, கடைக்கு எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் அதை நுழைக்கும்போது ஓரம் மடிந்தால் அது உங்களுக்கு இறுக்கம். உணர்ச்சி குறைந்தவர்கள் ‘காலுக்கு நல்லா இருக்கு’ என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அளவில் சிறிதாகவே அமையும். இறுகினால்தான் அவர்களுக்கு ஷூ போட்டிருப்பதே தெரியும்.

புதிய ஷூவை முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள். சிவப்புத் தடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது. ஒவ்வொரு முறையும் போடும்முன் கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள்.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வார் ஓடும் ரப்பர் சிலிப்பர் உணர்ச்சி இழந்த காலுக்கு ஆகாது. வார் இடுக்கை அறுக்கும். கழன்று போனாலும் தெரியாது. அதை நழுவாமல் பிடிக்க விரல்கள் நாள் முழுதும் மடங்கியே இருக்கும். வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கம் இல்லை, அது தெரிந்ததே. வீட்டுக்குள் மட்டும் போட, வெளியே போகாத ஒரு ஜோடியைத் தனியாக வையுங்கள். பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும். குத்தும் ஊசி, பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான், கட்டில் கால் எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கின்றன.

கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ பாதுகாப்பு பூட்ஸ் போட வேண்டியவர்கள்?

பூட்ஸைத் தவிர்க்க முடியாது, எனவே சாக்ஸைப் பாருங்கள். இரண்டு ஜோடி எடுத்துப் போய் மதிய உணவு நேரத்தில் மாற்றுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் கசிவு தெரியும். தையல் உறுத்தினால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். இரும்பு முனை விரலைத் தொட்டால் அகலமான அளவு கேளுங்கள், நிபுணரின் கடிதம் இருந்தால் முதலாளியிடம் கேட்பது எளிது.

கோவிலுக்குப் போக வேண்டும், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டும். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ‘போகாதீர்கள்’ என்று பதில் சொல்லும் நிபுணரிடம் நோயாளி அடுத்த ஆண்டு உண்மையைச் சொல்ல மாட்டார். நேர்த்திக்கடன் என்பது ஒருவருக்கு எவ்வளவு பெரியது என்று புரிந்துகொண்டு, காலையும் காக்க வழி தேட வேண்டும். தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் முன்பே சந்திப்பு வைத்துப் பேசுங்கள்.

உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாக இருந்து, புண் இல்லை என்றால் பெரும்பாலும் தடை இருக்காது. உணர்ச்சி குறைந்திருந்தால் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில்வரை வெறுங்காலில் நடப்பது உண்மையான ஆபத்து. தார்ச்சாலை, சிறு கற்கள், கூட்டத்தில் மிதிபடுவது, உச்சி வெயிலில் தரைச் சூடு, எதுவும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் தடித்த அடிப்பாகம் உள்ள சாக்ஸாவது அணிய வேண்டும், தரை குளிர்ந்திருக்கும் இரவு நேரத்தில் புறப்பட வேண்டும். கூட வருபவர் வழியில் உள்ளங்காலை இரண்டு முறையாவது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கோவிலை அடைந்ததும் கழுவித் துடைத்து மறுபடி பார்க்க வேண்டும். புண் இருப்பவர், புண் ஆறி ஓராண்டு ஆகாதவர், விரல் இழந்தவர் நடக்கக் கூடாது. அவர்கள் நேர்த்திக்கடனை வேறு எப்படிச் செலுத்தலாம் என்று அர்ச்சகரிடம் கேளுங்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் தீமிதியில் இறங்குவது பற்றி எங்கள் பதிலில் நெகிழ்வு இல்லை. உணர்ச்சி குறைந்த காலோடு தீ மிதிக்க வேண்டாம். எப்போது காலைத் தூக்க வேண்டும் என்று உடல் சொல்லும் செய்தி அந்தக் காலுக்கு வந்து சேராது.

விரதமும் இதில் சேர்ந்தது. ஒருவேளை உணவோடு வாரக்கணக்கில் இருப்பவர் இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரையோ எடுத்தால், அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்றித் தர வேண்டும். நோன்பு வைப்பவர்களுக்கும் இதுவே. பாதம் பார்க்கும் நிபுணர் மருந்தை மாற்ற மாட்டார். ஆனால் ‘விரதம் இருக்கிறீர்களா?’ என்று கேட்டு மருத்துவருக்கு ஒரு வரி எழுதிவிட அவரால் முடியும், எழுத வேண்டும்.

வழக்கமான நாள்களில் கோவிலுக்கென்றே ஒரு ஜோடி சுத்தமான சாக்ஸைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரகாரத் தரை சுடாத காலையிலோ மாலையிலோ போங்கள்.

புளோக் கீழே உள்ள கூழாங்கல் பாதையில் நடந்தால் இரத்த ஓட்டம் கூடும் என்கிறார்களே?

உணர்ச்சி இருப்பவர் ஷூவோடு நடந்தால் பாதகமில்லை. உணர்ச்சி போனவர் அதில் வெறுங்காலோடு நடந்தால், மற்றவர்கள் ‘ஆ’ என்று நிறுத்தும் இடத்திலும் அவர் நடந்துகொண்டே இருப்பார். தோலுக்கடியில் சதை நசுங்கி இரண்டு நாள் கழித்துக் கொப்புளமாக வெளியே வரும். கால் அழுத்தும் இயந்திரம், மீன் கடிக்கும் தொட்டி, வெந்நீர்ப் பை எல்லாமே அவருக்கு வேண்டாதவை.

அப்படியானால் நடைப்பயிற்சியே கூடாதா?

கூடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நடைதான் சர்க்கரையைக் குறைக்கிறது. காலைக் காப்பாற்றுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டால் சர்க்கரை ஏறி அதே காலைக் கெடுக்கும். புண் இல்லாத, குறைந்த அல்லது நடுத்தர ஆபத்து உள்ளவர்கள் இப்போது நடப்பதைவிட நாளுக்கு 1,000 அடிகள் வரை படிப்படியாகக் கூட்டலாம். ஒரே நாளில் 3,000 அடியிலிருந்து 10,000க்குத் தாவுவதுதான் கொப்புளம் தருகிறது. கூட்டிய வாரத்தில் காலையும் மாலையும் பாதத்தைப் பாருங்கள். உள்ளங்காலில் புண் இருக்கும் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்கும் தோளுக்கும் பயிற்சி செய்யலாம். எது செய்யலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

புண் வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஓடும் சுத்தமான தண்ணீரில் அல்லது உப்புக் கரைசலில் அலசுங்கள். ஒற்றித் துடைத்து, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி இறுக்காதீர்கள். மஞ்சள், வேப்பிலை, தைலம், தண்ணீர் கலக்காத கிருமிநாசினி எதுவும் வேண்டாம். சில தோலைப் பொசுக்கும், மற்றவை புண்ணின் நிறத்தை மறைத்துவிடும். சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அந்தக் காலில் எடை போடுவதைக் குறையுங்கள். ஒரு நாளுக்குள் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

சர்க்கரையையும் அளந்து எழுதுங்கள். உணவும் மருந்தும் மாறாமல் இருக்கும்போதே எண் திடீரென்று ஏறினால், கிருமி உள்ளே பரவுகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினால், புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவந்தால், காய்ச்சலோ குளிரோ வந்தால், துர்நாற்றம் அடித்தால், விரல் கறுத்தால், கால் திடீரென்று வெளுத்துக் குளிர்ந்தால், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். ‘நாளைக் காலையில் பார்க்கலாம்’ என்று காத்திருக்கும் ஓர் இரவில், விரலோடு போயிருக்க வேண்டியது பாதம்வரை போய்விடும்.

நிபுணர் முழங்கால்வரை கழற்ற முடியாத கட்டு போட்டால் தண்டனையாக நினைக்காதீர்கள். உள்ளங்காலின் முன்பகுதிப் புண்ணுக்கு அதுவே முதல் தேர்வு. கழற்றக்கூடியதைக் கொடுத்தால், கழிவறைக்குப் போகும் நாலு அடிக்கு என்று கழற்றிவிடுகிறோம். அந்த நாலு அடி நாளுக்கு இருபது முறை.

புண் எதுவும் இல்லை, ஆனால் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாக, வீங்கியிருக்கிறது.

உடனே நடப்பதை நிறுத்துங்கள், அன்றே காட்டுங்கள். உணர்ச்சி இழந்த காலில் இது சார்கோ பாதமாக இருக்கலாம்: எலும்புகள் நொறுங்கி மூட்டுகள் இடம் பெயரும் நிலை. கீல்வாயு என்றோ சுளுக்கு என்றோ நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே நடந்தால், சில வாரங்களில் பாதத்தின் வளைவு சரிந்து அடிப்பக்கம் படகுபோல உருண்டுவிடும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே தெரியலாம். எனவே ‘எக்ஸ்ரே நல்லா இருக்கு’ என்பதோடு விடாமல், ‘சார்கோ இல்லை என்று உறுதியா?’ என்று கேளுங்கள்.

கால் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. சர்க்கரை மட்டும்தான் காரணமா?

பெரும்பாலும் நீரிழிவு நரம்புப் பாதிப்புதான். ஆனால் மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இன்னும் எளிதில் குறையும். அந்தக் குறைவும் இதே எரிச்சலைத் தரும், ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கால் எரிகிறது என்று பாதம் பார்ப்பவரிடம் சொன்னால், பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவருக்கு அவர் எழுதலாம்.

சந்திப்புக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

அன்றாடம் அதிகம் போடும் காலணியைப் போட்டுக்கொண்டு போங்கள், மருத்துவருக்காகப் புது ஷூ போடாதீர்கள். தேய்ந்த அடிப்பாகம்தான் உங்கள் நடையின் கதையைச் சொல்லும். சர்க்கரை எண்கள், மருந்துப் பட்டியல், வாரப் படங்கள் இருந்தால் போதும். தமிழில் பேச வேண்டும் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

பாதம் பார்ப்பவர்கள் இன்னும் நன்றாக உதவ என்ன செய்யலாம்?

ஒரு சந்திப்பில் ஒன்று அல்லது இரண்டு வேலை மட்டும் கொடுங்கள். பன்னிரண்டு அறிவுரை கொண்ட தாள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் மேல் தூங்கும். சொன்னதும் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், நம்மவர்கள் மரியாதைக்காக ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். ‘வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள், எனக்குச் செய்து காட்டுங்கள், அம்மா’ என்று கேளுங்கள். வெட்டப்பட்ட கால்களின் படத்தைக் காட்டி அச்சுறுத்தினால் பயந்தவர் அடுத்த சந்திப்புக்கே வரமாட்டார். வெறுங்காலில் நடந்ததை ஒப்புக்கொண்டவரைத் திட்டாதீர்கள், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று விசாரியுங்கள், அங்கேதான் தீர்வு இருக்கும். கடைசி எச்பிஏ1சி என்ன, மயக்கம் வந்ததா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, புகைக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். காய்ப்பைச் சீவும் இருபது நிமிடம் அவர் எங்கும் எழுந்து போக முடியாது. மருத்துவர் அறையில் ஐந்து நிமிடத்தில் வராத பேச்சு அங்கே வரும். வந்ததை மருத்துவருக்கு எழுதி அனுப்புங்கள்.

செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுமா?

நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் நீரிழிவு இருக்கிறது, பாதப் பரிசோதனையும் அதில் அடங்கும். திட்டத்தில் உள்ள மருந்தகங்களில் ஆண்டு வரம்புக்குள் மெடிசேவைப் பயன்படுத்தலாம். சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்ட) அட்டையோ முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால் தனியார் மருந்தகத்திலும் கழிவு உண்டு. தனியார் பாத சிகிச்சை நிலையத்துக்கு நேரே போனால் அந்தச் சலுகைகள் கிடைக்காமல் போகலாம். அதனால் முதலில் உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.